புழுவுக்கு வாங்கிய பவுடர்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. வீட்டு நிலைக்காலில் கரையான் ஏறியிருந்தது. முன்பெல்லாம் பி.எச்.சி. என்று ஒரு வெள்ளைப் பவுடர் வருமே, அது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் மகன் வயதுக்காரர். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அத்தெல்லாம் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. நரம்பத் தாக்குதாம். ஒடம்புல ஊறிச்சின்னா வலிப்பு வந்துடும். கரையானுக்கு வேற மருந்து கீது, தரட்டுங்களா?"

அவருக்கு அது வியாபாரப் பேச்சு. நான் எதுவும் வாங்காமல் கடையை விட்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, வெயிலில் நின்றபடி, என் அக்காவுக்கு அந்த ஆடி மாதம் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்தக் கோபம் வந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களே, எண்பதுகளில் மானாவாரி மல்லாட்டை போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களே, உங்களுக்குக் கம்பளிப் புழுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் நம் பிள்ளைகள் யாராவது படித்தால் தெரியட்டும். ஆனி மழை விழுந்து மண் நனைந்ததும் பூமிக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பும். இலைக்கு அடியில் முட்டை வைக்கும். மல்லாட்டைச் செடி, அதுதான் வேர்க்கடலைச் செடி, பூ எடுக்கிற நேரம் பார்த்து, சிவப்பும் கறுப்புமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு, உடம்பெல்லாம் மயிரோடு புழு வரும். ஒன்றிரண்டல்ல. ஒரு காணியைத் தின்று காம்பும் நரம்புமாக நிற்க வைத்துவிட்டு, வரப்பைத் தாண்டி அடுத்த காணிக்கு மொத்தமாக நடக்கும். வரப்பில் உட்கார்ந்தால் அது தின்கிற சத்தம் கேட்கும். லேசான தூறல் ஓலையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு ஒன்பது வயது. வானத்தைப் பார்த்தேன், மழை இல்லை. குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தூறல் சத்தமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

எங்கள் ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில். அந்த வருஷம் புழு ரோட்டைக் கடந்தபோது பஸ் சக்கரத்தில் நசுங்கி, தார் ரோடு எண்ணெய் ஊற்றினாற்போல் வழுக்கியது. சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு இரண்டு காணி நிலம். மேற்குப் பக்கத்து நிலம் மொட்டையாகிவிட்டது, நாளை எங்கள் பக்கம் திரும்பும் என்ற அன்று காலையில்தான் ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்தவர் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மருந்து எப்படிப் போடுவது என்று காட்ட வந்தவர். ஜீப்பின் மேல் குழாய் ஒலிபெருக்கி. போர்க்கால அடிப்படையில் புழு ஒழிப்பு என்று அது கத்தியது. ஊரே கூடியது. பவுடர் மூட்டைகள் இறங்கின. யாரோ ஒரு பெரியவர், குழந்தை குட்டி இருக்கிற இடமாயிற்றே, ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஜீப்புக்காரர் சிரித்தார். மூட்டையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"பாத்துக்குங்க. மனுஷன ஒண்ணும் பண்ணாது. புழுவுக்குத்தான் எமன்."

நான் முன்வரிசையில் நின்று பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் அதைத் துப்பினாரா என்று இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன். ஜீப்பின் மறுபக்கம் போய்த் துப்பியிருப்பார். துப்பாமலா இருந்திருப்பார்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புழுவுக்கு மருந்து போட்டால் ஊரே ஒரே வேளையில் போட வேண்டும். ஒருவன் நிலம் விடுபட்டால் புழு அதில் ஒதுங்கிக்கொண்டு மறுநாள் எல்லார் நிலத்துக்கும் திரும்பி வரும். ஆகவே பறை அடித்துச் சொல்வார்கள். எந்த வீட்டில் ஆள் குறைகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகள் இறங்க வேண்டும். பனி காய்வதற்குள் தூவினால்தான் பவுடர் இலையில் ஒட்டும். விடிந்தும் விடியாமலும் அப்பா பழைய வேட்டியைக் கிழித்துப் பைகள் தைத்து, பவுடரைக் கொட்டி, குச்சியில் கட்டிக் கொடுத்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் சின்னக் கோல். நடந்துகொண்டே தட்டினால் பவுடர் புகையாக இறங்கும். நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு சால் பிடித்து நடந்தோம். மூக்கில் துணி கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மக்கிப்போன கூரைக்கட்டும் கற்பூரமும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. வியர்வையில் கழுத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு. ஒருத்தியை ஒருத்தி பார்த்து, கூத்துக்கு வேஷம் கட்டினாற்போல் இருக்கிறது என்று சிரித்தோம்.

அக்காவுக்குப் பதினாலு வயது. எங்கள் தெருவில் எட்டாவது தாண்டிய முதல் பெண் அவள். திண்டிவனத்தில் ஒன்பதாவது சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி, புளியமரத்தடி ஸ்டாப்பில் காலை பஸ். அவளிடம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. காம்பஸை எடுத்து எனக்கு வட்டம் போட்டுக் காட்டுவாள். ஒரு வட்டத்துக்குள் ஆறு இதழ்ப் பூ வரும். எப்படி வருகிறது என்று கேட்டால், ஒன்பதாவது வா, சொல்லித் தருகிறேன் என்பாள். நர்சுக்குப் படிக்கப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்பா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார். பெருமைதான்.

மருந்து போட்ட மறுநாள் வயலில் புழு சுருண்டு சுருண்டு கிடந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. அதற்கு மறுநாள் எங்கள் கோழிகள் இரண்டு கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு இறக்கையை அடித்து அடித்துச் செத்தன. மைனாக்கள் ஏரிக்கரையில் விழுந்து கிடந்தன. எதிர்வீட்டு நாய் நடக்க முடியாமல் பின்னங்கால் நடுங்கி நின்றது. கோழிக்குச் சீக்கு என்றார்கள். நாய்க்குப் பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். மைனாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நடுங்கிச் சாகிற அத்தனையும் கண்ணெதிரே கிடக்க, ஒரு ஆளுக்காவது பவுடர் மூட்டை பக்கம் பார்வை போகவில்லை. நாக்கில் வைத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தாரே.

இப்போதுதான் பேன் வருகிறது கதைக்குள். சிரிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை அக்காவை வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுப்பி, தலையில் பேன் ஊர்கிறது, சுத்தம் பண்ணிக்கொண்டு திங்கட்கிழமை வா என்று ஒரு டீச்சர் அனுப்பிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா சீப்பை எடுத்து வாரினாள், தீரவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் வழி சொன்னாள். புழுவுக்கு வாங்கிய பவுடர் மிச்சம் இருக்கிறதே, அதைத் தலையில் தூவி, துணி கட்டி, ஒரு நாழிகை கழித்து முழுகினால் பேன் பூராவும் உதிரும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டாயிற்று என்றாள். உண்மைதான். ஊரில் பல வீடுகளில் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. வெறும் பவுடர் உதிர்ந்துவிடும், எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தாள். தேங்காயெண்ணெயில் பவுடரைப் போட்டு, என் விரலால் நான்தான் குழைத்தேன். கட்டி இல்லாமல் குழைக்க வேண்டும் என்று கவனமாகக் குழைத்தேன். அம்மா வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்த்தாள். சொறிந்து சொறிந்து அக்காவின் தலை ஏற்கெனவே புண்ணாகியிருந்தது. எரிகிறது என்றாள்.

"எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொழுது சாயற வரைக்கும் வுடு. பேனு மட்டும் இல்ல, ஈரும் சாவணும். நாளைக்கு அந்த டீச்சரு உன் தலையப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கணும்."

சிவப்புத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். அக்கா சரித்திரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்தாள். மத்தியானம் வாந்தி எடுத்தாள். பிறகு, எழுத்து ஆடுகிறது சின்னக்குட்டி, பக்கத்தைப் பிடி என்றாள். பிடித்தேன். பக்கம் ஆடவில்லை, அவள் கைதான் ஆடியது. அடுத்த கணம் சாய்ந்தாள். கண் மேலே செருகி, கழுத்து பின்னால் வளைந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தினேன். கோழியைப் பார்த்திருந்தேன் இல்லையா? அதே கழுத்து. ஒன்பது வயதில் எனக்கு அது தெரிந்தது. ஆனால் தெரிந்ததைச் சொல்ல எனக்கு வாக்கியம் இல்லை. "கோழி மாதிரி, கோழி மாதிரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என் வாயில் அடித்தாள்.

பெண்கள் ஓடி வந்தார்கள். சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். துண்டை அவிழ்த்தார்கள். ஆனால் தலையை மட்டும் யாரும் கழுவவில்லை. சுரணை இல்லாத உடம்பில் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் ஊர் சட்டம். எண்ணெயும் பவுடரும் அப்படியே தலையில் ஊறிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை இரண்டு தடவை இழுத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தடவை.

அப்பா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றுதான் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். அம்மாதான் குறுக்கே நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா வலிப்புன்னு சீட்டு எழுதிக் குடுத்துடுவாங்க. வலிப்புன்னா வம்சத்துக்கே பேரு. ரெண்டு பொண்ணுங்க கீது நமக்கு. பேயின்னா ஓட்டிடலாம்யா. ஓட்டிட்டா ஆச்சு, போச்சு."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு. ஒரு முழு மனிதர், இரண்டு காணி உழுகிறவர், பஞ்சாயத்தில் பேசுகிறவர், வாசலிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றினார்.

பூசாரி உச்சிவேளைக்கு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் அக்கா தனியாக வயலுக்குப் போய், வரும் வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்தாளா என்று விசாரித்தார். உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாப்பே அதுதானே, தினமும்தான் உட்காருகிறாள். உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார், நீ யார் என்று கேட்டார். அக்கா தன் பேரைச் சொன்னாள். அடி விழுந்தது. மறுபடி கேட்டார். மறுபடி தன் பேரையே சொன்னாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததால் குழறியது. மூன்றாம் தடவை வகுப்பு, பிரிவு எல்லாம் சேர்த்துச் சொன்னாள், டீச்சர் கேட்டால் சொல்கிற மாதிரி. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு பூசாரி அவள் கொண்டையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதோ, முடியிலதான் குந்திக்கினு கீது. வாடை வருது பாருங்க, பொண வாடை. முடிய எடுத்தாதான் எறங்கும்."

யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் அந்தத் தலையை முகர்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து, ரோட்டோரப் புளியமரத்தில் ஆணி அடித்து இறக்கினார்கள். மறுநாள் மயிலம் மலையில் மொட்டை. இடுப்பு வரை இருந்த முடி மொத்தமும் போயிற்று. சீயக்காய் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி முழுகச் செய்தார்கள். அன்று ராத்திரி லேசாக நடுங்கினாள். அப்புறம் இல்லை. இன்றுவரை இல்லை.

புரிகிறதா? முடி போயிற்று, விஷம் போயிற்று, வலிப்பு நின்றது. ஊர் கண்டது வேறு. முடியை எடுத்தார், பேய் இறங்கியது. இதை விடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்? தப்பான வைத்தியம் பலிக்காமல் போயிருந்தாலாவது அப்பா விழுப்புரத்துக்கு பஸ் ஏறியிருப்பார். பலித்துவிட்டதே. அந்தப் பலிப்புதான் என் அக்காவைத் தின்றது.

இரண்டு மாதத்தில் முடி சீப்பில் நிற்கிற அளவு வளர்ந்தது. அக்கா பள்ளிக்கூடப் பையை எடுத்தாள். பூசாரி சொல்லியிருந்தார், முடி அடித்த மரத்துக்குக் கீழே ஆயுசுக்கும் போகக்கூடாது, போனால் திரும்பப் பிடிக்கும் என்று. பஸ் அங்கேதான் நிற்கும். வேறு ஸ்டாப் இல்லை. அடுத்த ஊர் வரை நடந்து போய் ஏறுகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பேய் பிடித்த பெண் ஒண்டியாக ஒரு மைல் நடப்பதா என்று அதற்கும் முடியாது என்றார்கள். பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு ஆணி. ஒரு பஸ் ஸ்டாப். முடிந்தது.

பதினெட்டு வயதில் திருவாமாத்தூர் பக்கம் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். முதல்தாரமாகக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஊர் எல்லையிலேயே விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். வம்சத்துக்குப் பேர் வரக்கூடாது என்று அம்மா தேர்ந்தெடுத்த பேய், அக்காவின் பேராகவே ஆகிவிட்டது.

அந்தத் தாவணி எனக்கு வந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. அதே புளியமரத்தடியில் நின்று அதே பஸ்ஸில் ஏறி ஒன்பதாவது போனவள் நான்தான். நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று அம்மா எச்சரித்திருந்தாள். தினமும் நிமிர்ந்து பார்த்தேன். முதல் வருஷம் முடி இருந்தது. அப்புறம் காற்றில் போய்விட்டது, ஆணி மட்டும் துருப்பிடித்து நின்றது. அக்கா சொல்லித் தருவதாகச் சொன்ன ஆறு இதழ்ப் பூவை வேறொரு டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். நான் நோட்டில் போடவில்லை. ரோடு அகலப்படுத்தியபோது மரத்தையும் வெட்டிவிட்டார்கள். பாக்ஸ் எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

புழு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே. அந்த வருஷம் மல்லாட்டை பாதிதான் தேறியது. அடுத்த ஆடியில் புழு திரும்பவும் வந்தது, முன்னை விட அதிகமாக. கொத்தித் தின்ன மைனா இல்லை. திரும்பவும் ஜீப் வந்தது. எதை ஒழிக்கப் புறப்பட்டார்களோ அது ஒன்றுதான் ஒழியவில்லை.

நான் யார்மேல் கோபப்படுவது? நாக்கில் வைத்துக் காட்டியவர் மேலா? சட்டையைக் கழற்றியவர் செத்துப்போய்விட்டார். எதிர்வீட்டு அத்தையும் இல்லை. அம்மா இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். அவள் இருப்பது அக்கா வீட்டில். அக்காதான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறாள், தலை வாரிவிடுகிறாள். அக்கா இன்றைக்கும் உச்சிவேளையில் தனியாக வெளியே போவதில்லை. மரத்தடியில் நிற்பதில்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு அவள் கைக்கு வருவதில்லை, அவளும் கை நீட்டுவதில்லை. தனக்குள் ஏதோ ஒன்று வந்து போனது, இன்னொரு நாள் வரும் என்று நாற்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக இதே யோசனை. சொன்னால் பேய் போகும். ஆனால் அம்மா தேய்த்தது விஷம் என்பதும் கூடவே வெளியே வரும். தினமும் தான் ஊட்டுகிற வாய்தான், அந்த விஷத்தைப் பொழுது சாயும் வரை விடச் சொன்னது என்று அவளுக்கு உறைத்துவிடும். என் கணவர் விட்டுவிடச் சொல்கிறார். இத்தனை வருஷம் கழித்து எதற்கு, இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கட்டும் என்கிறார். நிம்மதியாம். வெளியில் கிளம்ப வெயில் தாழக் காத்திருக்கிறவளுக்கு நிம்மதியாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். விழுப்புரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அம்மா இல்லாத இடத்தில் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன். வேண்டாம். காதோடு சொன்னால் அதுவும் இன்னொரு ரகசியம் ஆகிவிடும். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லப் போகிறேன். கிண்ணத்தில் குழைத்தது நான், அங்கிருந்து ஆரம்பிப்பேன். வலிப்பு என்ற சொல்லை விழுங்காமல் சொல்வேன். அக்கா என்ன கேட்பாள் என்று தெரியாது. அப்படியென்றால் நான் படித்திருக்கலாமா என்றுகூடக் கேட்கலாம்.

அம்மாவுக்குக் காது மந்தம். உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லிசு, தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.